நிமிர்த்தி எடுத்த அளவு

மார்ச் 4

அக்கா,

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். "ஹலோ" என்றதுமே வைத்துவிட்டாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பில்லைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. இதைப் பிரிக்காமல் கிழித்துப் போட உனக்கு மனசு வராது. வீட்டுக்கு வரும் விளம்பரத் தாளைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தானே அலமாரியில் விரிப்பாய்.

அந்த வீடியோவை நான் எடுக்கவில்லை. பட்டறைக்குக் கார் சீட்டுக்கு உறை தைக்க வந்த ஒருவர் எடுத்தார். நான் தையல் இயந்திரத்தில் இருந்தேன். மகாராணி பக்கத்தில் தன் நாற்காலியில் இருந்தாள். "என்னங்க இது, கோழிக்கு ஊஞ்சலா?" என்று கேட்டார். ஊஞ்சல் இல்லை, நாற்காலி என்று எடுத்துக் காட்டினேன். துணியில் இரண்டு காலுக்கும் இரண்டு ஓட்டை, எச்சம் விழப் பின்னால் ஒரு ஓட்டை, நாலு குழாய்க் கால்களில் தொங்கும் துணி. முன்னால் கழுத்து எட்டும் உயரத்தில் தீவனக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான்.

இவள் எங்கே கிடைத்தாள் என்றும் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். குஞ்சு பொரிக்கும் கம்பெனி வேனுக்கு இருக்கை மாற்றப் போனேன். அங்கே கால் விரிந்தது, அலகு கோணியது எல்லாவற்றையும் உயிரோடு ஒரு தொட்டியில் கொட்டி வைத்திருந்தார்கள். மேலே கிடந்த இரண்டை மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். ஒருத்தி மகாராணி. இன்னொருத்தி அலகு கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகிற கத்தரி. அந்தத் தொட்டியைப் பற்றி நான் பேசியதை எல்லாம் அவர் வெட்டிவிட்டார். கொஞ்சுகிற இடம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

கடைசியில், "ஒரு கோழிக்குப் போய் ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா பொண்ணாலயும் நடக்க முடியாது. எனக்கு இவளும் அவளும் ஒண்ணுதான்" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். மறுக்கவில்லை. பிரியத்தில் சொன்னேன். அது உனக்கு வேறு மாதிரி கேட்டிருந்தால் திட்டு, ஆனால் பேசு. சிட்டுவின் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

உன் தங்கை


மார்ச் 15

பிரித்தேன். நீ நினைத்தபடியே. அதற்காக மார்தட்டிக்கொள்ளாதே.

உன் வீடியோவை எனக்குக் காட்டியவள் சலவைக் கூடத்தில் எனக்கு எதிரே நிற்பவள். ஆஸ்பத்திரி விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். "இது உன் தங்கச்சிதானே? மூக்கு அப்படியே இருக்கே" என்றாள். கூடமே கூடிவிட்டது. "ஐயோ செல்லம், உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பாரேன்" என்று ஆளாளுக்கு உருகினார்கள். போன வருஷம் சிட்டுவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் பூட்டியிருந்த ஒரு நாள் அவளை இங்கே தூக்கி வந்தேன். இதே வாய்கள்தான், "பிள்ளையை ஏன் இங்கெல்லாம் கொண்டு வரே, பார்க்கவே சங்கடமா இருக்கு" என்றன. கோழியைப் பார்க்கச் சங்கடமாக இல்லை.

அப்புறம் உன் "ஒண்ணுதான்" வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரிப்பின் என் முனையை விடவில்லை. "இழுத்துப் பிடி, சுருங்குது" என்றேன்.

பிரியத்தில் சொன்னாயாம். சரி, ஒன்றுதான் என்றால் கேட்டுக்கொள். உன் கோழிக்கு ஒரு மதியத்தில் நாற்காலி வந்துவிட்டது. என் மகளுக்கு எத்தனை கதவு தட்டினேன் என்று உனக்குத் தெரியும். உன் அத்தான் ஓடிப்போன வருஷம் விண்ணப்பம் கொடுத்தேன். நாற்காலி இப்போதுதான் வந்தது. பெரிய ஆள் உட்காரும் நாற்காலி. ஒன்பது வயசுப் பிள்ளை அதில் உட்கார்ந்தால் பெட்டிக்குள் விழுந்த பொம்மை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறாள். ஆபீசில் போய்க் கேட்டேன். "வளர்ற பிள்ளைதானேம்மா, அதான் பெரிசாவே குடுத்திருக்கோம்" என்றார் அதிகாரி. "சட்டையா சார் இது, வளர வளரப் போட?" என்றேன். "அடுத்த ஆள்" என்றார்.

உன் கோழிக்கு யாரோ பட்டுத் தலையணை அனுப்பியிருக்கிறார்களாமே. அதையும் கூடத்தில் சொன்னார்கள்.

இனி எழுதாதே.

பி.கு.: சிட்டு பக்கத்தில் படுத்துக்கொண்டு பிடுங்கி எடுக்கிறாள். அவள் சொல்வதை எழுதுகிறேன், எனக்கு இதில் சம்பந்தமில்லை. "சித்தி, மகாராணி எப்படி இருக்கா? அவ உனக்குப் பொண்ணுன்னா எனக்குத் தங்கச்சி. அப்போ அம்மா அவளுக்குப் பெரியம்மா முறை. இதை அம்மாகிட்ட சொன்னேன். முறைச்சாங்க. நீ எழுது."


மார்ச் 24

அக்கா,

நீ எழுதாதே என்கிறாய், உன் மகள் எழுது என்கிறாள். நான் பெரிய மனுஷி பேச்சைக் கேட்கிறேன். அது அவள்தான்.

பட்டுத் தலையணை வந்தது உண்மை. தீவன மூட்டை வந்தது. ஒரு அம்மா கம்பளி நூலில் குட்டித் தொப்பி பின்னி அனுப்பினார். அத்தனை பேருக்கும் நான் பதில் எழுதினேன்: கோழிக்குப் போதும், எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்கு உட்கார ஒழுங்கான இருக்கை வேண்டும் என்று. பேர் சொல்லவில்லை, படம் கொடுக்கவில்லை, பதறாதே. வந்த பதில்களைக் கேள். ஒருவர் "பாவம்" என்று எழுதிக் கும்பிடுகிற கையைப் போட்டார். ஒருவர், "நாங்கள் வாயில்லா ஜீவன்களுக்கு மட்டும்தான் செய்கிறோம்." இன்னொருவர், "குழந்தைக்கு அரசாங்கம் இருக்கிறதே." தொப்பி பின்னிய அம்மா இன்னொரு தொப்பி அனுப்பினார். கோழிக்கு.

வாயில்லாதது அவர்களுக்கு வசதி. அது "சட்டையா சார் இது" என்று கேட்காது.

இது போதும். மீதி சிட்டுவுக்கு. நீ படித்துக் காட்டு.

சிட்டு, உன் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறி வருகிறாள். தப்பு என் பேரில். பேருந்துக்கு இருக்கை தைக்கிற வேலை குவிந்துவிட்டது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் பின்பக்கத்தைக் கழுவி, துவட்டி, வைக்கோலில் கொஞ்ச நேரம் படுக்க வைப்பேன். அதைத் தள்ளிப் போட்டுவிட்டேன். அவள் பாட்டுக்கு நாற்காலியிலேயே இருந்தாள். நன்றாகத் தின்றாள், கொக்கரித்தாள், கீழே உட்கார்ந்திருக்கிற கத்தரியின் தலையில் தீவனத்தைச் சிந்தினாள். கத்தரிக்கு அதுதான் வேண்டும். அவளால் கொத்த முடியாது, ஊறிய தீவனத்தை வாரித்தான் தின்ன வேண்டும், மேலே இருந்து கொட்டினால் இன்னும் நல்லது. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தார்கள்.

கழுவத் தூக்கியபோது கையில் ஈரம் பட்டது. இறகைப் புரட்டினேன். மார்பெலும்பு துணியில் அழுந்துகிற இடத்தில் தோல் சிவந்து, நடுவில் கறுத்துப் போயிருந்தது. இவ்வளவு புண்ணை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. கோழி வலியைக் காட்டாது. காட்டினால் மற்ற கோழிகள் அந்த இடத்தையே பார்த்துக் கொத்தும். அதனால் "வலிக்குதா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற உடம்பில் எலும்பு எங்கே அழுந்துகிறதோ, அங்கே நாம்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது துணியின் அந்த இடத்தை வெட்டிக் குழியாக்கிவிட்டேன். எலும்பு எதிலும் படாமல் காற்றில் நிற்கிறது. பட்டுத் தலையணை எதற்கும் உதவவில்லை, வழுக்குகிறது. கத்தரி அதன் மேல் ஏறி உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டாள்.

சித்தி


ஏப்ரல் 2

உன் கடிதத்தைச் சிட்டுவுக்குச் சத்தமாகப் படித்தேன். தலையணை வரைக்கும் வரவில்லை. "புரட்டிப் பார்க்க வேண்டும்" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. "மேல படிம்மா" என்றாள். "திரும்பிப் படு" என்றேன்.

இடது பக்கம், உட்காரும் எலும்பின் மேல். சிவப்பாக ஒரு தடத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். நாற்காலி பட்ட தடம், போய்விடும் என்று நினைத்தேன். விரலால் அழுத்தினேன். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. ஓரத்தில் தோல் ஊறிப் போயிருந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. "என்னம்மா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டாக்டரிடம் போய் வந்துவிட்டேன். ஆழமாகப் போகவில்லை என்றார். ஆறும்வரை குப்புறப் படுக்க வேண்டும், அதன் மேல் உட்காரவே கூடாது.

என் மேல் பரிதாபப்பட்டு எழுதாதே. வெட்கப்பட வேண்டியது நான் இல்லை. மையத்தில் காலையில் நாற்காலியில் வைத்து வாரைக் கட்டுகிறார்கள், நான் வேலை முடிந்து போகும்போது அவிழ்க்கிறார்கள். நடுவில் ஒரு தடவை தூக்கி இறக்க ஆள் இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஒரு ஆயா. அவளுக்கும் இடுப்புவலி.

மருந்து உன்னிடம் கேட்கவில்லை. புண் ஆறின பிறகு அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அதற்குள் எதை வைப்பது என்று கேட்கிறேன். உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. தையல் வேலை தருகிறேன், அவ்வளவுதான்.


ஏப்ரல் 9

அக்கா,

பரிதாபப்படவில்லை. இப்போது எழுதுவது உன் தங்கை இல்லை, சீட்டுக்காரி.

நாற்காலியை மாற்ற வேண்டாம். அதற்குள்ளே பொருந்துகிற மாதிரி ஒரு இருக்கை செய்து வைத்துவிடலாம். பழைய லாரி சீட்டைப் பிரித்தால் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சே சொல்லிவிடும், ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓட்டுவார், பேன்ட்டின் எந்தப் பின்பையில் பர்ஸ் வைப்பார் என்று. உட்காருகிற உடம்பு தன் அச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதனால் எனக்கு இது புது வேலை இல்லை. எலும்பு விழும் இடத்தில் குழி, தொடைக்குக் கெட்டி ஸ்பாஞ்சு, சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டு.

ஆனால் அளவு வேண்டும். நான் வந்து எடுக்கட்டுமா? ஒரு நாள் போதும். வந்து, எடுத்து, சிட்டுவை ஒரு தடவை தூக்கிவிட்டு, உன் கையால் ஒரு டம்ளர் டீகூடக் குடிக்காமல் திரும்பிவிடுகிறேன்.

வேண்டாம் என்றால் நீயே எடு. இடுப்பு அகலம், தொடை நீளம், அக்குளிலிருந்து இருக்கை வரை, தோளிலிருந்து தோள். அவள் உட்கார்ந்திருக்கும்போது எடு.


ஏப்ரல் 21

வராதே. நீ வந்தால் அவள் கொண்டாடுவாள், நான் சண்டை போடுவேன். இரண்டுக்கும் இப்போது எனக்கு நேரம் இல்லை.

அளவு தனித்தாளில் இருக்கிறது. புண் மூடிவருகிறது. குப்புறப் படுத்தே இருப்பதால் ஜன்னலுக்குக் கீழே எறும்புப் புற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். "எறும்புக்கும் நான் முறை சொல்லட்டுமாம்மா?" என்கிறாள். உன் வேலை இது.


மே 6

அக்கா, பேருந்துப் பார்சலில் வருகிறது. உன் அளவில் ஒரு நூல் பிசகவில்லை. உறையைக் கழற்றித் துவைக்கலாம், சலவைக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறம் சிட்டுவுக்குப் பிடித்த மஞ்சள். முதலில் கொஞ்ச நேரம் மட்டும் உட்கார வை. தூக்கியதும் பார்.


மே 19

திருப்பி அனுப்புகிறேன்.

பார்த்தால் அழகாக இருக்கிறது. மஞ்சளைத் தடவித் தடவிப் பார்த்தாள். உட்கார வைத்தேன். நீ வைத்த முட்டு அவள் விலாவில் குத்தியது. குத்துகிறது என்று சொல்லவில்லை. சித்தி தைத்ததாம், சொன்னால் நான் உன்னைத் திட்டுவேனாம். பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கும்மா" என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா சிவந்திருக்கிறது. கீழே, புண் ஆறிய இடத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு சிவப்பு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இரண்டாவது புண்.

ஒரு நூல் பிசகவில்லை என்று எழுதினாயே, அந்த வாயை என்ன சொல்ல. கோழிக்குத் தைத்த கையால் என் பிள்ளைக்கும் தைத்துவிட்டாய். ஒன்றுதானே உனக்கு. புத்தி கெட்டு உன்னிடம் கேட்டேன் பார்.


மே 27

அக்கா,

பெட்டியைப் பிரித்ததும் உன் கடிதத்தைப் படிக்கவில்லை. திட்டு எங்கும் போகாது. முதலில் உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

நான் குழி வெட்டிய இடம் புதுசாகவே இருக்கிறது. அவள் அதில் உட்காரவே இல்லை. குழிக்கு இடது பக்கம், அதன் விளிம்பில், ஒரு எலும்பு போய் ஊன்றியிருக்கிறது. இடது முட்டு மேல்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது. வலது முட்டில் உடம்பு பட்ட சுவடே இல்லை, ஆனால் அதன் ஓரத் துணி கசங்கி அழுக்காகியிருக்கிறது. சரியாமல் இருக்க அவள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நீ அனுப்பிய அளவுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்தத் தாளில் ஒரு பெண் இருக்கிறாள் அக்கா. இரண்டு தோளும் ஒரே உயரம். இடுப்பு நேர்கோடு. முதுகு பலகை மாதிரி. அவளுக்கு நான் தைத்த இருக்கை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவள் உன் வீட்டில் இல்லை. உன் வீட்டில் இருப்பவள் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவள். தூக்கி வைத்திருந்த எனக்கே தெரியும். அளவு வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். நேராக இருக்கிறதே என்று எனக்கும் ஒரு ஆசை, கேட்கவில்லை.

நீ அவளை நிமிர்த்தி அளந்திருக்கிறாய்.

நான் ஒன்று சொல்கிறேன், கோழியைப் பற்றித்தான். கோபப்படாதே. எனக்கு விஷயம் அங்கேதான் கிடைத்தது; காரில் கிடைத்திருந்தால் காரைச் சொல்லியிருப்பேன். கால் விரிந்த குஞ்சுக்குப் பொரித்த உடனே இரண்டு காலையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் நேராகிவிடும். எனக்கு இது தெரிய வந்தபோது மகாராணிக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. கோழி வளர்க்கிறவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஒட்டினேன், பிரிந்தது, இன்னும் இறுக்கி ஒட்டினேன். தோல் உரிந்தது. பார்ப்பதற்கு மட்டும் நன்றாக இருந்தது, இரண்டு காலும் சேர்ந்து, மற்ற குஞ்சு மாதிரியே. அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள், தின்னவில்லை. ஒரு நாள் எரிச்சலில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். கால் பழையபடி விரிந்தது. அப்படிக் கிடந்தபடியே கழுத்தை நீட்டிக் கிண்ணத்தில் அலகை விட்டாள். அந்த விரிந்த காலை அளந்துதான் துணியில் ஓட்டை வெட்டினேன்.

இதனுடன் ஒரு துண்டு ஸ்பாஞ்சு அனுப்புகிறேன். மட்டமான சரக்கு, அமுங்கினால் திரும்ப எழாது. அதுதான் நமக்கு வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் அவளை அதன் மேல் உட்கார வை. டேப்பைத் தொடாதே. அவள் எப்படிச் சாய்கிறாளோ சாயட்டும். பக்கத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வை, அதில் முதுகும் விலாவும் பதியட்டும். பிறகு அப்படியே அனுப்பு. மீதியை ஸ்பாஞ்சு சொல்லும்.


ஜூன் 10

ஆமாம். நிமிர்த்தித்தான் எடுத்தேன்.

கட்டிலில் கிடத்தி, முட்டியை அமுக்கி, இடுப்பைத் திருப்பி நேராக்கி, ஒரு கையால் தோளை அழுத்திக்கொண்டு மறு கையால் டேப்பை ஓட்டினேன். "நான் இப்படி உட்கார மாட்டேனேம்மா" என்றாள். "வாயை மூடிட்டு இரு" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். சான்றிதழுக்காக முதல்முதலில் ஆபீசுக்குப் போனபோது வரிசையில் நின்ற ஒரு அம்மா என் காதில் சொன்னாள்: "பிள்ளையை நிமிர்த்திப் பிடி. ரொம்பக் கோணலா இருந்தா, இதுக்கு நாற்காலி பிரயோஜனமில்லை, படுக்கைதான்னு எழுதிடுவாங்க." நிமிர்த்திப் பிடித்தேன். அதனால்தான் நாற்காலி என்று எழுதினார்கள். அந்த அம்மாவின் பிள்ளைக்கு என்ன எழுதினார்கள் என்று தெரியாது. அன்றையிலிருந்து யார் டேப்பை எடுத்தாலும், யார் போட்டோ எடுத்தாலும், என் கை தானாகப் போய் அவளை நிமிர்த்துகிறது. அளவு கேட்டு உன் கடிதம் வந்தபோதும் அதுதான் நடந்தது. அந்த ஆபீஸ் என் கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

உன் மட்டமான ஸ்பாஞ்சில் உட்கார வைத்தேன். கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சாய்ந்தாள். சாய்ந்துகொண்டே போனாள். விழப் போகிறாள் என்று நினைத்தேன். ஓர் இடத்தில் நின்றாள். அது அவள் இடம் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அவளை அதுவரைக்கும் நான் போகவிட்டதே இல்லை.

"அம்மா, கையை எதுக்குக் கட்டிட்டு நிக்கறே? டீச்சர் மாதிரி இருக்கே" என்றாள்.

ஸ்பாஞ்சு இதில் இருக்கிறது. ஓரத்தில் பேனாவில் கிறுக்கியிருப்பது அவள் கையெழுத்து. கோழிக்குக் காட்டச் சொன்னாள்.


ஜூன் 22

அக்கா,

பார்சலில் இருக்கிறது. இந்த முறை பார்க்க அழகாக இல்லை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். யாராவது வெளியாள் பார்த்தால் தைக்கத் தெரியாதவள் தைத்தது என்பார்கள். சிட்டு கிறுக்கிய துண்டை வெட்டி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் என்றது தப்பு. மகாராணிக்காக நான் எந்த வரிசையிலும் நின்றதில்லை. அவளை நிமிர்த்திப் பிடித்து யாரிடமும் காட்டியதில்லை. அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்சினார்கள், தொப்பி பின்னினார்கள். எனக்கு எல்லாம் எளிதாக இருந்தது. எளிதாக இருந்ததால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பொருந்தாவிட்டால் திரும்ப அனுப்பு. எத்தனை முறை ஆனாலும் தைக்கிறேன்.


ஜூலை 5

பொருந்துகிறது.

முதல் நாள் நம்பவில்லை. தூக்கித் தூக்கிப் பார்த்தேன், "விடும்மா, உட்காரவிடு" என்று கத்தினாள். சிவப்பு இல்லை. இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து, உன் மேட்டில் உடம்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு காலமும் ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்தே இருக்கும். இப்போது இரண்டு கையும் சும்மா இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சோப்புப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். மாலை முழுக்க அந்த டப்பா சத்தம்தான்.

மையத்தில் இந்த இருக்கையை ஏற்க மாட்டோம் என்றார்கள். ஆபீஸ் கொடுத்த நாற்காலியில் வெளி இருக்கை வைக்கக் கூடாதாம், அங்கே ஒப்புதல் வாங்கி வா என்றார்கள். சலவைக் கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அதே அதிகாரி. "ஏம்மா, நாங்க குடுத்தது நல்லாத்தானே இருக்கு" என்றார். சிட்டுவை ஓர் ஓரப் பெஞ்சியில் உன் இருக்கையை வைத்து உட்கார வைத்தேன். பிறகு அவர் கொடுத்த நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"எந்திரிங்கம்மா, அது நடக்க முடியாதவங்களுக்கு உள்ளது" என்றார்.

"உட்கார்ந்து பாக்கறேன் சார். கால் பலகைக்கு எனக்கே எட்டலை. நானும் வளரணுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. வாரைக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. "அம்மா, இடுப்பு வலிக்குதா?" என்று பெஞ்சியிலிருந்து கேட்டாள் சிட்டு. "வலிக்குதுடி" என்றேன், அந்த ஆளுக்குக் கேட்கிற மாதிரி. "எனக்கு வலிக்கலை" என்றாள், அதைவிடச் சத்தமாக.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார். பெற்றோர் பொறுப்பில் வெளி இருக்கை வைத்துக்கொள்ளலாம், என்ன நேர்ந்தாலும் பெற்றோரே பொறுப்பு என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இத்தனை நாளும் யார் பொறுப்பில் இருந்ததாம்?

வெளியே வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். தோளில் ஒரு பையன், சிட்டுவைவிடச் சின்னவன். அவனை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். "இந்த இருக்கையை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். "வாங்கலை. என் தங்கச்சி தைச்சா" என்றேன். சிட்டு சும்மா இருப்பாளா, "எங்க சித்தி கோழிக்கும் தைப்பாங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனை நிமிர்த்திப் பிடித்திருந்த அவள் கையை நான் மெதுவாக எடுத்துவிட்டேன். பையன் சாய்ந்தான். வலது பக்கம்.

முகவரி கொடுத்திருக்கிறேன். மையத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படிச் சரிந்துதான் கிடக்கிறார்கள். ஆயாவிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த மட்டமான ஸ்பாஞ்சு நிறைய எடுத்துக்கொண்டு வா. டேப் கொண்டுவராதே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். எந்தப் பேருந்து என்று கூப்பிட்டுச் சொல். கோழிகளை யாரிடம் விடுவது என்று இழுக்காமல் அவர்களையும் தூக்கிக்கொண்டு வா. மகாராணிக்கு ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கியிருக்கிறாள் சிட்டு. மற்றவளுக்குத் தீவனம் ஊறவைக்க ஆழமான கிண்ணம் நான் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியம்மா வீட்டுக்கு வருகிறவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று. என் வீட்டுக்குள் யாராவது வீடியோ எடுத்தால் உன் காலை ஒடிப்பேன். அப்புறம் உனக்கும் நீயேதான் ஒரு நாற்காலி தைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா